மஞ்சுளா செய்யாத தவறு

செய்தி வந்தபோது நான் ஜூஜுவாடி செக்போஸ்ட்டில், இரண்டு லாரிகளுக்கு நடுவே கம்பெனி பஸ்ஸில் மாட்டிக்கொண்டிருந்தேன். போனில் பேசியவர் டிராயிங் பிரிவு சிவா. "சார், மஞ்சுளா மேடம் போயிட்டாங்க" என்றார். லீவில் ஊருக்குப் போயிருக்கிறார் போலும் என்று நினைத்து, "எப்ப வருவாங்க?" என்று கேட்டேன். "அப்படி இல்ல சார்" என்றார் சிவா. பிறகுதான் எனக்கு உறைத்தது. மூளையில் ரத்தக் கசிவு. பெங்களூருக்குக் கொண்டு போன இரண்டாம் நாள் காலையிலேயே முடிந்துவிட்டது. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

நம் ஆலையின் இந்த இதழைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு மஞ்சுளாவை நன்றாகத் தெரியும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். நம் ஆலை பெரிய பாய்லர்களுக்குக் காற்று ஊதும் ப்ளோயர்கள் செய்கிறது. ஒரு ப்ளோயரைச் செய்து ஓட்டிப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாக, அதற்குள் காற்று எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்று இங்கே முதலில் ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் குந்தாரப்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த மஞ்சுளா. இன்னொருவன் கோவில்பட்டியிலிருந்து வந்த நான். ஏறக்குறைய ஒரே வயது, ஒரே சம்பளம், ஒரே அறை. அறையில் ஆறு கம்ப்யூட்டர்கள், ஒரு ஏ.சி., ஒரு யு.பி.எஸ். அவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம்.

போன வாரம் கேன்டீனில் நடந்த இரங்கல் கூட்டத்தில் நம் ஜி.எம். ஒரு கதை சொன்னார். நீங்கள் எல்லோரும் பல தடவை கேட்ட கதைதான். ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டரில் ஒன்பது நாள் ஓடிய கணக்கை மஞ்சுளா தொலைத்த கதை. பிரியமாகத்தான் சொன்னார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மகள் கீதாவும் சிரித்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண். அடுத்தபடியாக எனக்குப் பேச வாய்ப்பு வந்தது. மஞ்சுளாவின் திறமையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வேண்டியதை அன்றைக்கும் சொல்லவில்லை. அந்தக் கணக்கைத் தொலைத்தது மஞ்சுளா இல்லை. நான்தான்.

முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு மஞ்சுளாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

காற்று நேராகப் போகிற சமாசாரம் இல்லை. சுழலுக்குள் சுழல், அதற்குள் இன்னொரு சுழல் என்று போய்க்கொண்டே இருக்கும். அத்தனையையும் கம்ப்யூட்டரில் பிடிக்கப் பார்த்தால் நம் ஆயுசு போதாது. ப்ளோயருக்குள் இருக்கிற இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் வேகம் என்ன, அழுத்தம் என்ன என்று திரும்பத் திரும்பக் கணக்குப் போட வேண்டும். பக்கத்துக் கட்டங்களோடு விடை ஒத்துப்போகும்வரை இது நடக்கும். லட்சக்கணக்கில் கட்டங்கள், ஆயிரக்கணக்கில் சுற்றுகள். அன்றைய கம்ப்யூட்டர்களில் ஒரு கணக்கு முடிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதை எப்படிச் சுருக்குவது என்பதுதான் எங்கள் இருவருக்கும் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு, சண்டை எல்லாமே.

நான் அவசரக்காரன். ஒருமுறை, ப்ளோயரின் பன்னிரண்டு இறக்கைகளில் ஒன்றை மட்டும் கணக்கிட்டால் போதும், மற்றவை அதே மாதிரிதானே இருக்கும் என்று போட்டேன். பதினாறு நாள் வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. மார்தட்டிக்கொண்டு காட்டினேன். மஞ்சுளா ப்ளோயரின் வெளி உறையைத் திரையில் சுட்டிக் காட்டினார். அது நத்தை ஓடு மாதிரி ஒரு பக்கம் குறுகி ஒரு பக்கம் அகன்று இருக்கும். குறுகிய இடத்தில் நாக்கு மாதிரி ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கடக்கிற இறக்கைக்கு நடப்பது மற்றதற்கு நடக்காது. "விடை சீக்கிரம் வரல. தப்புதான் சீக்கிரமா வந்துச்சு, அவ்ளோதான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அவருடைய சுருக்கு வழிகள் வேறு மாதிரி. நுழைவுக் குழாயில் காற்று அலுங்காமல் போகிற இடத்தில் பெரிய பெரிய கட்டங்களாகப் போட்டுவிடுவார். இறக்கையின் மேல்தோலை ஒட்டிய இடத்தில் மட்டும் மயிரிழை கனத்துக்குப் பொடிக் கட்டங்கள். "காத்து சும்மா போற எடத்துல நாம என்னாத்துக்கு மெனக்கெடணும்?" என்பார். ஆறு மெஷின்களுக்கும் வேலையைச் சமமாகப் பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம். அவர் பழைய மெஷினுக்குச் சின்னப் பங்கும் புது மெஷினுக்குப் பெரிய பங்கும் வைத்தார். எல்லாம் ஒன்றாக முடித்தால்தான் அடுத்த சுற்றுக்குப் போக முடியும். "களை எடுக்கறப்ப கெழவிக்கும் கொமரிக்கும் ஒரே அளவு பாத்தி குடுத்தா, எல்லாரும் கெழவிக்காக வரப்புல நிக்கணும்." அந்த ஒரு மாற்றத்திலேயே கணக்கு மூன்று நாள் குறைந்தது.

இப்படிச் சொல்வதால் அவர் சாந்த சொரூபி என்று நினைத்துவிடாதீர்கள். தன் பேனாவை யாருக்கும் தர மாட்டார். "இன்னும் எவ்ளோ நாள் ஆகும்?" என்று ஒரே நாளில் இரண்டு தடவை கேட்டவரை அறையை விட்டே துரத்தியிருக்கிறார். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு வாங்க வேண்டுமென்றால் அவர் அப்பாவுக்கு மகள் வந்து பல்லைப் பார்த்துச் சொன்னால்தான் ஆகும். அதற்காக லீவு போடுவார். விண்ணப்பத்தில் காரணம் 'மாடு' என்றே எழுதுவார். டிபன் பாக்ஸில் ராகிக் களியும் கீரையும் கொண்டுவருவார். எனக்கும் ஒரு உருண்டை தந்தார். நான் மென்றுகொண்டே இருந்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கோயில்பட்டியாரே, மென்னா எறங்காது. முழுங்கணும். எல்லாத்தையும் மெல்லாதீங்க." நான் பேசும்போது 'சொல்லுதேன்', 'வாரேன்' என்றால் அதே இழுவையில் திருப்பிச் சொல்லிக் காட்டுவார்.

அந்தக் கணக்கு தொலைந்த வருடம் ஒரு சர்க்கரை ஆலைக்கு நாம் கொடுத்த ப்ளோயர், சுமை குறைந்தால் ஊளையிட்டது. பாய்லர் மேடையே அதிர்ந்தது. அரவைப் பருவத்துக்கு முன் சரிசெய்து தர வேண்டும், இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். காற்று எங்கே இறக்கையை விட்டுப் பிரிகிறது என்று எங்கள் கணக்குதான் சொல்ல வேண்டும். அதே சமயம் எங்கள் இருவரில் ஒருவரைக் கணிப்புப் பிரிவுக்குத் தலைவராகப் போடப் போவதாக ஜி.எம். சொல்லியிருந்தார். இந்த வேலை முடியட்டும், பார்க்கலாம் என்றார். இரண்டு பேருக்கும் அது தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கணக்கை ஓடவிட வேண்டிய நாளில் மஞ்சுளா சந்தைக்குப் போயிருந்தார். எல்லாவற்றையும் தயார் செய்து வைத்துவிட்டு, தன் லாகினைத் திறந்து ஓடவிட்டுவிடச் சொல்லியிருந்தார். நான் திறந்தேன். கணக்கு ஓடும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அதுவரை வந்த விடையை டிஸ்கில் எழுதிவைக்கும். ஆறு மெஷின்களும் ஒரே டிஸ்கில் எழுத வரிசையில் நிற்கும். அதில் எட்டில் ஒரு பங்கு நேரம் வீணாகிறது என்று நான் ஏற்கெனவே கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். அந்த ஒரு வரியை மாற்றி, கடைசியில் மட்டும் எழுதினால் போதும் என்று வைத்தேன். இரண்டு நாள் மிச்சம். யாரிடமும் சொல்லவில்லை. முடிந்த பிறகு, எப்படிச் சீக்கிரம் முடிந்தது தெரியுமா என்று ஜி.எம். முன்னால் மஞ்சுளாவைக் கேட்க ஆசை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நாலாம் நாள் ஆயுத பூஜை என்றால்கூட எனக்கு நினைப்பு இருந்திருக்கும். அது ஒன்பதாம் நாள் வந்தது. நம் ஆலையில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேத்திலிருந்து ஸ்டேப்ளர்வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பூஜை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சை இறக்குவார். மறுநாள் விஜயதசமிக் காலைவரை எந்தக் கருவியும் வேலை செய்யக் கூடாது. நான் பொரிக் கமிட்டியில் இருந்தேன். வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தேன். எலக்ட்ரீஷியன் வந்து, "மேடம், உங்க ரூம் லைனையும் எறக்கலாமா?" என்று மஞ்சுளாவிடம் கேட்டிருக்கிறார். "எறக்குங்க. ரெண்டு மணிக்கொரு தடவ சேவ் ஆவுது. அதுங்களும் ஒரு நாளு ஓய்வெடுக்கட்டும்" என்று அவர் சொல்லி, ஆறு பெட்டிகளுக்கும் தன் கையாலேயே பொட்டு வைத்தார். வருடா வருடம் செய்வதுதான். டிஸ்கில் விடைக் கோப்பு இருக்கிறதா என்று எட்டியும் பார்த்திருக்கிறார். முதல் நாள் சோதனையில் எழுதிய கோப்பு அதே பெயரில் அங்கே இருந்தது.

நான் மாற்றிய அந்த வரி எனக்கு நினைவு வந்தது வீடு திரும்பும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தபோது. வாயில் போட்டது அப்படியே நின்றுவிட்டது. ஒன்றும் செய்வதற்கில்லை. அன்று ராத்திரி முழுக்க வீட்டில், எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்தேன்.

விஜயதசமிக் காலையில் மெஷின்களைப் போட்டோம். ஒன்பது நாளும் இல்லை. மஞ்சுளா அமைப்புக் கோப்பைத் திறந்து, அந்த வரியைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. அதற்குள் ஜி.எம். வந்துவிட்டார். "இத யாரும்மா மாத்துனது?" என்று கேட்டார். மஞ்சுளா, "என் லாகின்ல இருக்குது, சார்" என்றார். அது உண்மைதான். பொய் இல்லை. நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. "கரென்ட்ட எறக்கச் சொன்னதும் நீதானா?" என்றார் அவர். "ஆமா சார்." அவ்வளவுதான். ஜி.எம். தலையில் கையை வைத்துக்கொண்டு போனார். அவர்மேல் தப்பில்லை. அங்கே நின்ற யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இறக்கைகளை வெட்டிப் பற்றவைக்க வரைபடம் தர இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. கணக்குக்குப் பதினாறு நாள் வேண்டும். மஞ்சுளா, அதற்கு முந்தைய மாதம் பெரிய கட்டங்களில் தோராயமாகப் போட்டுத் தூக்கி வைத்திருந்த பழைய கணக்கைத் தேடி எடுத்தார். அதன் விடையைப் புதிய பொடிக் கட்டங்களின் மேல் பரப்பிவிட்டு, அங்கிருந்து தொடங்கினார். எப்போதும் நாங்கள் ப்ளோயருக்குள் காற்று அசையாமல் நிற்பதாக வைத்துத்தான் தொடங்குவோம். அது கிளம்பி, சுழன்று, ஒரு ஒழுங்குக்கு வருவதற்கே முக்கால்வாசி நாள் போய்விடும். "நின்ன காத்துல இருந்து என்னாத்துக்கு ஆரம்பிக்கணும்? போயிக்கினு இருக்கற காத்துல இருந்து ஆரம்பிக்கலாம்" என்றார். ஏழாம் நாள் கணக்கு முடிந்தது. உறையின் நாக்கருகில் காற்று இறக்கையை விட்டு உரிந்து வருவது திரையில் பளிச்சென்று தெரிந்தது. நாக்கைப் பின்னால் தள்ளி, இறக்கையின் கோணத்தை மாற்றினோம். அந்தப் பருவம் முழுக்க ப்ளோயர் ஊளையிடவில்லை. இன்றுவரை நாம் எல்லாக் கணக்கையும் இப்படித்தான் தொடங்குகிறோம். அது மஞ்சுளாவின் வழி என்று எல்லோருக்கும் தெரியும், நல்லவேளை.

அடுத்த மாதம் என்னைப் பிரிவுத் தலைவராகப் போட்டார்கள். "அந்தப் பொண்ணு கெட்டிக்காரிதான், ஆனா கவனம் பத்தல" என்றார் ஜி.எம். அப்போதும் நான் தலையாட்டினேன். மஞ்சுளா எழுந்து வந்து கை கொடுத்தார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில், ஒரு வழியாக அவரிடமே கேட்டேன். "மஞ்சுளா, அன்னைக்கு நீங்க ஏன் சொல்லல?" அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: "நான் எதுக்குச் சொல்லணும்? நீங்க சொல்லுவீங்கன்னு ஒரு வாரம் பாத்தேன். அப்பறம் பாக்கறத வுட்டுட்டேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். கை கழுவிவிட்டு வந்து, மதியம் பார்க்க வேண்டிய வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நாலு வருடம் எனக்குக் கீழே வேலை பார்த்தார். ஒரு நாளும் அதைத் திரும்ப எடுக்கவில்லை. ஒரே ஒரு விதி மட்டும் கொண்டுவந்தார். யார் எந்த வரியை மாற்றினாலும், கோப்பின் தலையில் தன் பெயரையும் காரணத்தையும் எழுத வேண்டும். தன் தவறிலிருந்து பாடம் கற்றுக்கொண்டு மேடம் வைத்த விதி என்று நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது எனக்கு வைத்த விதி.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் யாராவது ஒருவர், "மேடம், சேவ் பண்ணிட்டீங்களா?" என்று கேட்பீர்கள். "பண்ணியாச்சு, பொரிய எடுங்க" என்று அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

இரங்கல் கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் ஜி.எம்.மிடம் போய்ச் சொன்னேன். "இத இப்பச் சொல்லி..." என்று அவர் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். பிறகு இந்த இதழில் எழுதச் சொன்னதும் அவர்தான்.

எழுதுவதற்கு முன் குந்தாரப்பள்ளியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் வெங்கடேஷ் நாற்காலி போட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். "தெரியும் சார். அன்னிக்கே வந்து சொன்னா. அவரு சொல்லிடுவாரு, நீ யாருகிட்டயும் பேசாதன்னு சொன்னா" என்றார். என்னைத் திட்டவில்லை. உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார்.

கதவருகில் கீதா நின்றிருந்தாள். அவளுக்கு அது தெரியாது போலிருக்கிறது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு மீட்டிங்ல அந்தக் கதைய சொன்னப்ப நானும் சிரிச்சேனே, அங்கிள்" என்றாள்.

காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

நண்பர்களே, அந்தக் கதையை இனிமேலும் சொல்லுங்கள். சிரிக்கவும் செய்யுங்கள். பெயரை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள். ஒன்பது நாள் கணக்கைத் தொலைத்தவன் கோவில்பட்டிக்காரன் கணேசன். அதை ஏழே நாளில் திருப்பிக் கொண்டுவந்தவர் மஞ்சுளா. கீதா என்றாவது இந்த ஆலைக்குள் வந்தால், அவள் காதில் விழ வேண்டியது அதுதான்.

மஞ்சுளாவிடமிருந்து எனக்கு வந்த வேலைச் சூட்சுமங்கள் எத்தனையோ உண்டு. அவை எல்லோருக்கும் பொதுவாக ஆகிவிட்டன. எனக்கென்று என்னிடம் இருப்பது வேறு. இவன் வாயைத் திறப்பான் என்று ஒருவர் ஒரு வாரம் முழுக்க என்னை நம்பினார். அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.